பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஏர்பேக் ரீகால்: வரிசையில் இடம்பிடிப்பது முதல் வேலை முடிவது வரை

என் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓட்டுநர் பக்க ஏர்பேக்கை ரீகாலில், அதாவது பாதுகாப்புக் கோளாறுள்ள பாகத்தைக் கார் நிறுவனமே அறிவித்து இலவசமாக மாற்றித் தரும் ஏற்பாட்டில், மாற்றி வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. அதில் முதல் ஐந்து மாதம் வீணாகப் போனவை. டீலரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு, பாகம் வந்ததும் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். என் காரின் பெயரில் யாரும் ஆர்டரே போடவில்லை என்பது ஐந்தாம் மாதம்தான் தெரிந்தது. அதன் பிறகு, பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் சிலருக்கு இதே வேலையில் கூடவே நின்றிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். கீழே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டியதைக் கையில் கொடுக்கும்.

1. எச்சரிக்கை விளக்கு வேறு, ரீகால் வேறு

புதிதாக வருபவர்கள் எல்லோரும் இங்கேதான் குழம்புகிறார்கள். டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை, அதனால் என் காரில் பழுதில்லை என்கிறார்கள். அல்லது விளக்கு எரிகிறது, ரீகாலில் இலவசமாகச் சரிசெய்து தருவார்கள் என்று போய் நிற்கிறார்கள். இரண்டும் தவறு.

ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் கணினி பார்ப்பது மின்சுற்றை மட்டும்தான். வயர் அறுந்திருக்கிறதா, கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, சென்சார் பதில் சொல்கிறதா என்று பார்க்கும். இன்ஃப்ளேட்டர் எனப்படும் உலோகக் குப்பிக்குள் இருக்கும் ரசாயன வில்லைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

டகாட்டா என்ற ஜப்பானிய ஏர்பேக் நிறுவனம் செய்த இன்ஃப்ளேட்டர்களில் கோளாறு இருந்தது அந்தக் குப்பிக்குள்தான். பையை ஊதும் வாயுவுக்காக அதில் அம்மோனியம் நைட்ரேட் வைத்திருந்தார்கள். பல வருட ஈரப்பதமும், பகல் வெப்பம் இரவுக் குளிர் என்று மாறி மாறி வருவதும் அந்த வில்லைகளைச் சிதைக்கும். சிதைந்த வில்லை வேண்டிய வேகத்தைவிட மிக வேகமாக எரியும். அழுத்தம் தாங்காமல் உலோகக் குப்பியே வெடித்து, அதன் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் பாயும். அமெரிக்காவில் மட்டும் இப்படி 25-க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். அந்தக் கார்களில் விளக்கு எரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கார் பழையதாக ஆக இந்த ஆபத்து கூடுகிறது. வாரம் ஒருமுறைதான் எடுக்கிறேன், கிலோமீட்டர் குறைவு என்பது இங்கே உதவாது. வில்லைக்கு வயது ஏறுவது ஓட்டத்தால் அல்ல, காலத்தாலும் தட்பவெப்பத்தாலும்.

எனவே ஒரு தாளில் இரண்டு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள்: விளக்கு, ரீகால். இனி வரும் ஒவ்வொரு தகவலையும் அதில் ஒன்றின் கீழ் மட்டுமே எழுதுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

காரின் பதிவுச் சான்று, உங்கள் தற்போதைய முகவரி உள்ள ஒரு ஆவணம், சர்வீஸ் பில்கள், போனில் நல்ல கேமரா, ஒரு மின்னஞ்சல் முகவரி. முந்தைய உரிமையாளரின் பில்கள் கிடைத்தால் மிக நல்லது. ஏர்பேக் பகுதியைப் படிக்கத் தெரிந்த ஸ்கேனர் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பும் தேவைப்படலாம். மலிவான ஸ்கேனர்கள் பல, எஞ்சினின் பழுதுக் குறியீடுகளை மட்டும் படித்துவிட்டு ‘பழுது இல்லை’ என்று காட்டும். அதை நம்பிவிடக்கூடாது.

3. வி.ஐ.என். எண்ணைக் காரிலிருந்தே எடுங்கள்

வி.ஐ.என். என்பது ஒவ்வொரு காருக்கும் உரிய தனி அடையாள எண். முன்கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 17 இலக்க எண்ணைப் படம் எடுத்து, அதைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள். காப்பீட்டுத் தாளிலிருந்து எடுத்தால் ஓரெழுத்துப் பிழைகூட முடிவை மாற்றிவிடும். இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ போலத் தெரிவது பூஜ்ஜியம், ஐ போலத் தெரிவது ஒன்று.

தேடலை இரண்டு இடங்களில் செய்யுங்கள்: கார் நிறுவனத்தின் ரீகால் பக்கம், உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்பு அமைப்பின் பக்கம். அமெரிக்காவில் அது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (NHTSA). அந்தத் தேடல் 15 ஆண்டுகளுக்கு முற்பட்ட ரீகால்களைக் காட்டாமல் போகலாம். பழைய காருக்கு இது முக்கியமான இடைவெளி. அதனால்தான் இரண்டு இடம் என்கிறேன்.

ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்து, பிறகு வெளிநாட்டுக்கு வந்த கார் என்றால் 17 இலக்க எண் இருக்காது. அதைவிடச் சிறிய சேசிஸ் எண்தான் இருக்கும். உங்கள் நாட்டுத் தேடலில் அது எதையும் காட்டாது. எதையும் காட்டவில்லை என்பதை ரீகால் இல்லை என்று படித்துவிடாதீர்கள். அந்த நிறுவனத்தின் ஜப்பானியத் தேடல் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

கடிதம் வரவில்லை, அதனால் ரீகால் இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. ஸ்போர்ட்ஸ் கார்கள் நான்கைந்து கை மாறியிருக்கும். கடிதம் யாருடைய பழைய வீட்டுக்கோ போயிருக்கும். தேடியபோதே நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் பெயர், முகவரியைப் பதிவு செய்துவிடுங்கள். அடுத்த கடிதமாவது உங்களுக்கு வரட்டும்.

4. முடிவை வரி வரியாகப் படியுங்கள்

ஓட்டுநர் பக்கத்துக்கும் பயணி பக்கத்துக்கும் தனித்தனி ரீகால் எண்கள் இருக்கும். மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஃபோர்டு மஸ்டாங், ஃபோர்டு ஜிடி, டாட்ஜ் சேலஞ்சர் என்று டகாட்டா பட்டியலில் இருந்த பல ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு, ஆண்டையும் பக்கத்தையும் பொறுத்து வெவ்வேறு காலத்தில் அறிவிப்பு வந்தது. ஒரு பக்கம் முடிந்ததைப் பார்த்துவிட்டு மறுபக்கத்தை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, ‘முடிந்தது’ என்ற சொல். தொடக்க ஆண்டுகளில் மாற்றுப் பாகம் போதாமல், அதே வகை இன்ஃப்ளேட்டரின் புதிய பிரதியையே தற்காலிகமாகப் பொருத்தினார்கள். புதியது என்பதால் சில வருடங்களுக்கு ஆபத்து குறைவு, அவ்வளவுதான். அதற்கும் வயது ஏறும். அப்படிப்பட்ட கார்களுக்கு இரண்டாவது ரீகால் பிறகு வந்தது. உங்கள் பில்லில் 2014, 2015 வாக்கில் ஏர்பேக் மாற்றியதாக இருந்தால், அது தற்காலிக மாற்றமா இறுதி மாற்றமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டு, பழைய பில்லைக் காட்டி நிம்மதியாக இருந்த ஒருவருக்கு இன்னும் முடிக்காத, அதாவது திறந்த ரீகால் இருப்பதை நாங்கள் தேடிக் கண்டுபிடித்தோம்.

மூன்றாவது, ‘பாகம் இன்னும் கிடைக்கவில்லை’ என்ற வரி. இதைப் பார்த்ததும் பலர் சோர்ந்துபோய்ப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். நீங்கள் வரிசையில் நிற்க வேண்டிய நேரமே அதுதான். ரீகால் எண், தேதி, அந்த வரி எல்லாம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஓட்டலாமா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்

டீலரைக் கூப்பிடுவதற்கு முன்பே இந்த முடிவை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் ஓட்டுகிறீர்களா நிறுத்திவிட்டீர்களா என்பதைப் பொறுத்து, கேட்க வேண்டியதே மாறும்.

சில கார்களுக்கு நிறுவனமே ‘ஓட்ட வேண்டாம்’ என்று அறிவித்திருக்கிறது. 2022 நவம்பரில் 2005–2010 மாடல் டாட்ஜ் சார்ஜர், சேலஞ்சர் உள்ளிட்ட கார்களுக்கும், 2023-இல் 2000–2006 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் கார்களுக்கும், எம்3 உட்பட, அந்த அறிவிப்பு வந்தது. உங்கள் கார் அப்படி ஒரு பட்டியலில் இருந்தால் டீலர் வரைகூட ஓட்டிப் போகாதீர்கள். இழுத்துச் செல்லும் வண்டியோ, வீட்டுக்கே வந்து மாற்றும் ஆளோ அனுப்பும்படி கேளுங்கள். இந்த அறிவிப்பு வந்த கார்களுக்குப் பெரும்பாலும் அந்த ஏற்பாட்டை நிறுவனமே செய்கிறது.

அப்படிப்பட்ட அறிவிப்பு இல்லாமல், பயணி பக்கம் மட்டும் ரீகாலில் இருந்தால், பக்கத்து இருக்கையில் யாரையும் ஏற்றாதீர்கள். இரண்டு இருக்கைக் காரில் பின் இருக்கை கிடையாது. எனவே தனியாகத்தான் போக வேண்டும். ஓட்டுநர் பக்கம் என்றால் என் கருத்து தெளிவானது: வேறு வாகனம் இருந்தால் இதை நிறுத்திவையுங்கள். ஸ்போர்ட்ஸ் காரை நம்மில் பெரும்பாலோர் தேவைக்காக ஓட்டுவதில்லை, ஆசைக்காக ஓட்டுகிறோம். ஆசை சில மாதம் காத்திருக்கட்டும்.

நிறுத்தும்போது வெயில் படாத, ஈரமில்லாத இடம் நல்லது. அது சிதைவை மெதுவாக்கும். ஏற்கெனவே சிதைந்ததைத் திருப்பித் தராது.

ஏர்பேக் கனெக்டரை நீங்களே கழற்றிவிடும் யோசனை எல்லோருக்கும் வரும். செய்யாதீர்கள். விளக்கு எரியும், பல கார்களில் மற்ற ஏர்பேக்குகளும் சீட் பெல்ட் இறுக்கியும் சேர்ந்தே செயலிழக்கலாம். கழற்றிய இன்ஃப்ளேட்டரைப் பெட்டியில் போட்டு டீலரிடம் கொண்டுபோவது அதைவிட மோசம். அது வெடிபொருள் அடங்கிய சாதனம், ஆபத்தான சரக்காகத்தான் கையாள வேண்டும்.

6. காரில் முந்தைய கைகள் செய்ததைக் கண்டுபிடியுங்கள்

சாதாரணக் காருக்கு இந்தப் படி தேவைப்படாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இதுதான் பல மாதங்களைத் தின்னும் படி. பாகம் வந்து, கார் உள்ளே போன பிறகு, ‘இது அசல் ஸ்டீயரிங் இல்லை, நாங்கள் தொட மாட்டோம்’ என்று திருப்பி அனுப்புவார்கள். பாகம் அடுத்த காருக்குப் போய்விடும்.

சாவியைத் திருப்பி, ஏர்பேக் விளக்கைப் பாருங்கள். அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரிவதே இல்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். எரிந்து அணைவது மட்டும் போதாது. வேறு ஸ்டீயரிங் மாட்டியவர்கள், ஏர்பேக் இருந்த இடத்தில் ரெசிஸ்டர் எனும் சிறு மின்தடையைப் பொருத்திக் கணினியை ஏமாற்றியிருப்பார்கள். கணினிக்குச் சுற்று சரியாகத் தெரியும். அங்கே ஏர்பேக் இருக்காது.

ஸ்டீயரிங்கின் நடுமூடியில் நிறுவனத்தின் ஏர்பேக் முத்திரை இருக்கிறதா, டேஷ்போர்டு மூடியில் வெட்டோ பசைத் தடமோ தெரிகிறதா, பந்தய இருக்கை மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் படம் எடுங்கள்.

அசல் ஸ்டீயரிங் இல்லை என்றால், ரீகாலில் மாற்றுவது இன்ஃப்ளேட்டரை மட்டுமா, முழு ஏர்பேக் தொகுதியையா என்று முதலில் டீலரிடம் கேளுங்கள். முழுத் தொகுதி என்றால் வெறும் ஸ்டீயரிங்கைத் தேடினால் போதும் என்று சொல்லக்கூடும். கேட்காமல் பழைய பாகக் கடையில் ஏர்பேக்கோடு வாங்கினால், அதே ரீகாலில் உள்ள இன்னொரு இன்ஃப்ளேட்டரைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். இணையத்தில் மலிவாக விற்கும் ‘புதிய’ ஏர்பேக் இன்னும் ஆபத்தானது. போலி, தரமற்ற இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உயிர்கள் போயிருக்கின்றன.

7. விளக்கும் எரிந்தால்

முதலில் ஸ்கேனரில் ஏர்பேக்கின் பழுதுக் குறியீட்டைப் படிக்கவையுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் நான் அதிகம் பார்த்தவை இரண்டு. ஒன்று, இருக்கைக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளியோ, துடைக்கக் கழற்றியோ அது தளர்ந்திருக்கும். இரண்டு, ஸ்டீயரிங்குக்குள் சுருளாக இருக்கும் மின்கம்பி, அதாவது கிளாக் ஸ்பிரிங். ஏர்பேக் விளக்கோடு ஹாரனும் ஸ்டீயரிங் பொத்தான்களும் வேலை செய்யவில்லை என்றால் சந்தேகம் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங் பெரும்பாலும் ரீகாலில் வராது, செலவு உங்களுடையது. ஆனால் அதை எடுக்க ஓட்டுநர் பக்க ஏர்பேக்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ரீகால் வேலைக்கும் அதையேதான் கழற்றுவார்கள். எனவே அந்தப் பாகத்தை முன்கூட்டியே வரவழைத்து, இரண்டையும் ஒரே நாளில் செய்யச் சொல்லுங்கள். கூலி குறையும், ஏர்பேக்கை இரண்டு முறை கழற்றுவதும் மிச்சம்.

மல்டிமீட்டரை ஏர்பேக் கனெக்டரில் வைத்துச் சோதிக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கலாம்.

8. காரின் எண்ணில் ஆர்டர் போடச் செய்யுங்கள்

நான் ஐந்து மாதம் இழந்த இடம் இது. ‘பாகம் வந்தால் சொல்கிறோம்’ என்பது ஆர்டர் அல்ல. டீலர்கள் பலரால், கார் வாசலுக்கு வந்தால்தான், அல்லது குறிப்பிட்ட வி.ஐ.என். எண்ணைக் கணினியில் ஏற்றினால்தான் ரீகால் பாகம் கேட்க முடியும். பொதுவாகப் பட்டியலில் பெயர் எழுதுவதால் நிறுவனத்திடம் எதுவும் போவதில்லை.

பேசும்போது நான்கு கேள்வி போதும். என் வி.ஐ.என். எண்ணில் பாகம் ஆர்டர் போட்டாயிற்றா? ஆர்டர் எண் என்ன? எந்தத் தேதியில் போட்டீர்கள்? பாகத்தைப் பெற கார் முன்கூட்டியே வந்து பதிவாக வேண்டுமா? பேசி முடித்த அன்றே, அவர்கள் சொன்னதை அப்படியே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். மறுப்பு வராத மின்னஞ்சல் பிறகு உங்களுக்குச் சான்றாக நிற்கும்.

தாமதத்தின் காரணம் தெரிந்தால் கோபம் வேண்டாத இடத்தில் போகாது. டகாட்டா ரீகாலில் உலகம் முழுவதும் கோடிக்கணக்கான இன்ஃப்ளேட்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. ஆட்டோலிவ், டைசெல், இசட்எஃப் போன்ற வேறு நிறுவனங்கள் மாற்றுப் பாகம் செய்ய வேண்டியதாயிற்று. டகாட்டா 2017-இல் திவாலானது. அமெரிக்காவில் காரின் வயதையும், அது இருந்த பகுதியின் வெப்ப ஈரப்பதத்தையும் வைத்து முன்னுரிமை கொடுத்தார்கள். குறைந்த எண்ணிக்கையில் செய்த காருக்கு இன்னொரு சிக்கல்: வேறு காரின் இன்ஃப்ளேட்டரை அப்படியே மாட்ட முடியாது. அந்தப் பைக்கும் அந்த டேஷ்போர்டுக்கும் சோதித்துத்தான் தர முடியும். சில ஆயிரம் கார்களுக்காக அந்தச் சோதனை, லட்சம் கார்களுக்கான சோதனைக்குப் பிறகே நடக்கும்.

9. தாமதம் நீண்டால் ஏறும் படிகள்

முதலில் அதே நிறுவனத்தின் வேறு இரண்டு டீலர்களைக் கூப்பிடுங்கள். ஒருவரிடம் இல்லாதது இன்னொருவரின் அலமாரியில் இருக்கலாம்.

அடுத்து நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ஓட்டாமல் நிறுத்தியிருந்தால் மாற்று வாகனமோ வாடகைச் செலவோ கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அதைத் தருவதாக யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அதற்கும் மேல் அரசின் பாதுகாப்பு அமைப்பு. அங்கே போகும்போது தேதிகள்தான் பேசும். அமெரிக்கச் சட்டப்படி, காரை ஒப்படைத்து 60 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால், நியாயமான காலத்தில் செய்யத் தவறியதற்கு அதுவே முதனிலைச் சான்று, அதாவது எதிர்த்தரப்பு மறுத்து நிரூபிக்காதவரை நிற்கும் சான்று. அந்த 60 நாளை எண்ணத் தொடங்க, காரை எப்போது ஒப்படைத்தீர்கள் என்பதற்குத் தாள் வேண்டும். காரை ஒப்படைத்த தேதியையும் எழுதி அனுப்பியிருந்தால், எட்டாவது படியின் மின்னஞ்சல் இங்கேதான் பயன்படும்.

‘உங்கள் கார் பழையது, இலவசம் முடிந்துவிட்டது’ என்று கவுண்டரில் சொன்னால் உடனே ஏற்காதீர்கள். அமெரிக்காவில் இலவசத்துக்கான 15 ஆண்டு வரம்பு, கார் முதன்முதலில் விற்ற நாளிலிருந்து ரீகால் அறிவித்த நாள் வரைக்குமானது. இன்றைய தேதி வரை எண்ணுவதில்லை. 2006-இல் விற்ற காருக்கு 2016-இல் ரீகால் அறிவித்திருந்தால், இன்றும் அது இலவசம்தான். மற்ற நாடுகளில் விதி வேறு என்பதால், எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

10. வேலை நடக்கும் நாள்

விடுவதற்கு முன் டேஷ்போர்டு, ஸ்டீயரிங், கதவு ஓரங்களைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். இருபது வருட வெயில் பட்ட பிளாஸ்டிக் பிஸ்கட் போல உடையும். பயணி பக்க ஏர்பேக்கை எடுக்க அதைச் சுற்றியுள்ள பலகைகளைக் கழற்ற வேண்டிவரும். கிளிப்புகள் உடைந்தால் புதியவை கிடைக்குமா என்று முன்பே கேட்டு, கிடைக்காது என்றால் நீங்களே தேடி வாங்கி வையுங்கள்.

திரும்ப எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். விளக்கு எரிந்து அணைகிறதா, ஹாரன் அடிக்கிறதா, ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பில்லில் ரீகால் எண்ணும், பொருத்திய பாகத்தின் எண்ணும், எந்தப் பக்கம் என்பதும் இருக்க வேண்டும். ‘ஏர்பேக் வேலை செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். பழைய பாகத்தை நினைவுக்காகக் கேட்காதீர்கள். அது டீலரிடமே இருக்க வேண்டும்.

மூன்று நான்கு வாரம் கழித்து வி.ஐ.என். எண்ணை மீண்டும் தேடுங்கள். இன்னும் திறந்தே இருப்பதாகக் காட்டினால், டீலர் வேலையைக் கணினியில் முடிக்கவில்லை என்று பொருள். பில்லின் படத்தை நிறுவனத்துக்கு அனுப்பி மூடச் சொல்லுங்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடுவதற்கு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒரு பக்கம் முடித்த காருக்கு மறுபக்கத்தின் ரீகால் இரண்டு வருடம் கழித்து வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.